பாமினியில் அடித்த சொற்கள்

கொலோன்
14.09.2025

அன்பு மகள் கவிசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை. அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே செய்தி சொல்லத் தொடங்கிவிட்டது. உன் தடிமனும் தும்மலும் மாறிவிட்டனவா?

கடிதத்தைக் கண்டு பயப்படாதே, ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. போன ஞாயிறு தொலைபேசியில் நீ கத்தினாய், நானும் கத்தினேன், பிறகு நான் வைத்துவிட்டேன். இந்தக் கணினி விசயம் தீரும்வரை இனிக் கடிதம்தான். தாளில் ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே கதைக்க ஏலாது. தொலைபேசியில் சாப்பாட்டையும் காலநிலையையும் கதைப்போம்.

காலையில் கணினியைப் போட்டால் ஒரே அறிவித்தல். ஒக்டோபர் 14க்குப் பிறகு இந்த இயங்குதளத்துக்குப் பாதுகாப்பு இல்லையாம். அதற்கு நீ என்ன சொன்னாய்? "அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு ஒரு டாப்லெட் வாங்குங்கோ, உங்களுக்கு அது காணும்." எனக்கு எது காணும் என்று உனக்கு யார் சொன்னது?

டாப்லெட்டில் படம் பார்க்கலாம், சொல்லகராதி அடிக்க ஏலாது. சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் மேசை போட்டு, சனங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன் அல்லவா? அங்கேயும் ஆஸ்பத்திரிகளிலும் அலுவலகங்களிலும் எதிர்ப்பட்ட ஜெர்மன் சொற்களுக்கு விளக்கம் எழுதி எழுதி, இப்போது 1,140 சொல் சேர்ந்துவிட்டது. பத்தொன்பது வருட வேலை. சங்கம் அதைப் புத்தகமாக அடிக்கிறது. நவம்பர் 30க்குள் தரவேணும் என்று அச்சு வேலை பார்க்கும் ஜெனிஸ்டன் சொல்லிவிட்டார். அவ்வளவும் இந்தக் கணினிக்குள்தான் இருக்கிறது.

ஆகவே எனக்கு விசைப்பலகை உள்ள கணினி வேணும். என்னென்ன வழி இருக்கிறது என்று நீ எழுது. எதை எடுப்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அம்மா


வால்டோர்ஃப்
28.09.2025

அன்புள்ள அம்மா,

தடிமன் போய்விட்டது, இருமல் மட்டும் இன்னும் இருக்கிறது. அப்பாவை வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள்; முழங்காலை வானிலை நிலையமாக வைத்திருக்க வேண்டாம். பத்து வருடத்துக்குப் பிறகு தமிழில் கடிதம் எழுதுகிறேன். ர, ற பிழைத்தால் சிரிக்காதீர்கள்.

உங்கள் கணினி 2014இல் வாங்கியது. புதிய இயங்குதளம் அதில் ஏறாது, அதன் மூளை பழசு. நீங்கள் வழி கேட்டதால் எழுதுகிறேன். புதிய இயங்குதளத்தோடு புதுக் கணினி வாங்கலாம். அல்லது பழைய கணினியிலேயே லினக்ஸ் போடலாம், அது இலவசம். அல்லது அப்படியே விட்டு ஒரு வருட நீட்டிப்பு எடுக்கலாம். ஐரோப்பாவில் வீட்டுப் பாவனைக்கு அதற்குக் காசில்லை என்று இந்தக் கிழமைதான் அறிவித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் நீட்டிப்பு நல்லது. அவசரம் இல்லாமல் யோசிக்கலாம்.

நான் வந்து எல்லாம் செய்து தருகிறேன். சின்ன வயதில் உங்களுக்காக எத்தனை விண்ணப்பம் நிரப்பியிருப்பேன், எத்தனை டாக்டரோடு கதைத்திருப்பேன். இதுவும் அதில் ஒன்று.

அன்புடன்
கவிசா


கொலோன்
05.10.2025

அன்பு மகளுக்கு,

இருமலுக்கு மல்லிக்குடிநீர் வை. பையை மேல் தட்டில் வைத்துவிட்டு இல்லையென்று சொல்லாதே. அப்பா வைத்தியரிடம் நேரம் எடுத்துவிட்டார், ஜனவரியில்தான் கிடைத்தது.

உன் கடிதத்தில் ர, ற எல்லாம் சரி. நீட்டிப்பு என்ற சொல்லைக் கண்டதும்தான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நீ பிறப்பதற்கு முன் ஏழு வருடம் நாங்கள் டுல்டுங் தாளோடு இருந்தவர்கள். "உன்னை இப்போதைக்கு அனுப்பவில்லை, பொறுத்திருக்கிறோம்" என்று சொல்லும் தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விடிய நாலு மணிக்குப் போய் வரிசையில் நின்று நீட்டிப்பு எடுக்கவேணும். எனக்குக் கிடைத்த நீட்டிப்பெல்லாம் இந்தப் பிறவிக்குக் காணும். கணினிக்கும் வேண்டாம்.

லினக்ஸ் நல்லதாக இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை நடுவில் அது மக்கர் பண்ணினால் நான் பக்கத்து மேசையில் யாரைக் கேட்பது? அங்கே எல்லாரும் வைத்திருப்பதே எனக்கும் வேணும்.

வியாழக்கிழமை கடைக்குப் போனேன். "எதற்குப் பாவிக்கப் போகிறீர்கள்?" என்று விற்கும் பெண் கேட்டாள். சொல்லகராதி எழுத என்றேன். அவள் எழும்பி நின்று விசைப்பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஆறாவதைத்தான் விரலுக்குப் பிடித்தது. வாங்கிவிட்டேன், பெட்டி விறாந்தையில் இருக்கிறது. "அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாய் முடியப் போகுது" என்று அப்பா பழையதைத் தடவிக்கொண்டு நிற்கிறார்.

சின்ன வயதில் நீ டாக்டரோடு கதைத்ததைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு நான் இப்போது பதில் எழுதமாட்டேன்.

அம்மா


வால்டோர்ஃப்
12.10.2025

அன்புள்ள அம்மா,

மல்லிக்குடிநீர் வேலை செய்கிறது, பை மேல் தட்டில்தான் இருந்தது. கணினி வாங்கியதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, நல்ல கணினிதான், பார்த்தேன்.

18ஆம் திகதி சனிக்கிழமை வாறன். நீங்கள் சங்கத்துக்குப் போங்கோ, அப்பா கதவு திறப்பார். நீங்கள் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். பழையதை நானே காரில் கொண்டுபோய்க் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுவேன். நீங்கள் ஒன்றையும் தொடவேண்டாம்.

கவிசா


கொலோன்
26.10.2025

அன்பு மகளுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக அப்பா சொன்னார். அவசரத்தில் புட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். கணினி வடிவாக இருக்கிறது. கண்ணைச் சுருக்காமல் வாசிக்க முடிகிறது. நன்றி.

நேற்று நடந்ததைக் கேள். சஜிதா என்று ஒரு பிள்ளை, வந்து எட்டு மாதம்தான், புதுக் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, இது ஏதோ கேக்குது. நான் ஒண்டையும் அமத்தேல்லை, சத்தியமாய்."

பார்த்தால் ஒரு பட்டியல். இணையம் பார்க்க எந்த உலாவி வேண்டும், தெரிவு செய்யுங்கள் என்று கேட்கிறது. விளங்கப்படுத்தினேன்.

"பிழையானதை அமத்தினால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ?"

மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே எழுதியிருந்த சொல் அவுஸ்வால். தெரிவு. என் அகராதியில் அந்தச் சொல் இல்லையடி! நிராகரிப்பு இருக்கிறது, கடமை இருக்கிறது, காலக்கெடு இருக்கிறது, அத்தாட்சியில் மட்டும் நாலு வகை இருக்கிறது. முப்பத்திநாலு வருடத்தில் இந்த நாட்டில் எந்த அலுவலகமும் அந்தச் சொல்லை எழுதி எனக்கொரு கடிதம் அனுப்பவில்லை. எந்த ஊரில் இருப்பது, எந்த முகாமில் படுப்பது, எந்த வேலைக்குப் போவது, எல்லாம் முடிவாகித்தான் வந்தது. ஒரு தொலைபேசி வந்து "உனக்கு எது வேணும்?" என்று கேட்கிறது.

சஜிதா கால் மணித்தியாலம் யோசித்தாள். பின்னால் வரிசை நின்றது, நான் ஒருவரையும் அவசரப்படுத்த விடவில்லை. "அந்த நரிப்படம் போட்டது வடிவாய் இருக்கு" என்று அதை அமத்தினாள்.

வீட்டுக்கு வந்து என் கணினியைத் திறந்தேன். அங்கே ஒரு உலாவி ஏற்கனவே குந்திக்கொண்டிருக்கிறது. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. யார் தெரிவு செய்தது? நீயா? உன்னை யார் கேட்டது?

இன்னொன்று. என் சொற்கள் இருந்த கோப்புறையைக் காணவில்லை. எங்கே வைத்தாய்?

அம்மா


வால்டோர்ஃப்
03.11.2025

அன்புள்ள அம்மா,

நான் சுகம். வேலை கூட. உங்களுக்கும் அப்பாவுக்கும் குளிர் தொடங்கியிருக்கும், கவனம்.

கைத்தொலைபேசியில் அப்படிக் கேட்கவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். பெரிய நிறுவனங்கள் தங்களுடையதையே சனங்களின் தலையில் கட்டக்கூடாது என்று கொண்டு வந்தது. உங்கள் கணினியில் அந்தப் பட்டியல் தானாக வராது. ஆனால் அமைப்புகளுக்குள் போய் விரும்பியதை வைக்கலாம், கணினியோடு கூடவே வந்த உலாவியை ஐரோப்பாவில் கழற்றியும் விடலாம். எப்படி என்று தனித்தாளில் படம் கீறி வைத்திருக்கிறேன்.

ஓம், நான்தான் வைத்தேன். எனக்குப் பழக்கமானதை வைத்தேன். இரண்டு செக்கன் வேலை. உங்களிடம் கேட்கவேணும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கோ.

இன்னொரு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

கவிசா


கொலோன்
08.11.2025

மகளுக்கு,

நாங்கள் சுகம். உன் படத்தைப் பார்த்து உலாவியை மாற்றிவிட்டேன். மூன்று நாள் எடுத்தேன். ஒவ்வொன்றாக இறக்கி, திறந்து, எழுத்தைப் பெருப்பித்து, வங்கிக்குள் போய், வெளியே வந்து பார்த்தேன். ஒன்றை வைத்தேன். எதை என்று உனக்குச் சொல்லமாட்டேன், அது என் விருப்பம்.

ஆனால் நான் கேட்டது இரண்டு கேள்வி. நீ பதில் எழுதியது ஒன்றுக்கு.

தேடத் தெரியவில்லையோ என்று நினைத்து எழுதுகிறேன். நான் பாமினி எழுத்துருவில் அடிப்பவள். ஆங்கில விசைகளைத் தட்டத் தட்ட அது தமிழ் முகம் காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். கோப்புறைக்குப் பெயர் வைத்தபோதும் என் விரல் பழகியபடியே போனது. ஆகவே 'சொற்கள்' என்று தேடாதே. nrhw;fs; என்று இருக்கும். உள்ளே இருபத்தியாறு கோப்பு. நவம்பர் 30க்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது.

சொற்கள் எங்கே?

அம்மா


வால்டோர்ஃப்
24.11.2025

அம்மா,

நீங்கள் சுகமாக இருக்கவேணும். இதை வாசிக்க முன் கதிரையில் இருங்கோ.

சொற்கள் இல்லை. நான் அழித்துவிட்டேன்.

அன்றைக்குப் பழைய கணினியிலிருந்து கோப்புகளைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கோப்புறையின் பெயரைப் பார்த்தேன். புதியதில் வைத்து ஒன்றைத் திறந்தேன். பக்கம் முழுக்கப் புள்ளியும் காற்புள்ளியும் கலந்த குப்பை, நடுநடுவே ஒரு ஜெர்மன் சொல். கோப்புகளைச் சிதைத்துவிட்டுக் காசு கேட்கும் வைரசு இப்படித்தான் செய்யும் என்று எங்களுக்கு வேலையில் வருடா வருடம் பாடம் எடுக்கிறார்கள். புதியதில் இருந்ததை உடனே நீக்கினேன். பழைய கணினியின் வன்தட்டை முழுவதும் அழித்து, அதன் மேலே மூன்று தரம் வெற்றுத் தரவு எழுதினேன், ஒருவரும் திரும்ப எடுக்க ஏலாதபடி. அந்த வேலையை நான் நன்றாகச் செய்வேன் அம்மா. நன்றாகத்தான் செய்தேன்.

நீங்கள் சங்கத்தில், பத்து நிமிடத் தூரத்தில் இருந்தீர்கள். ஒரு தரம் தொலைபேசி எடுத்துக் கேட்கவில்லை. உங்கள் முதல் கேள்வியிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது, எழுதப் பயந்தேன். nrhw;fs; என்று நீங்கள் எழுதிக் காட்டிய பிறகு பாமினி விசைப்படத்தைத் தேடி எடுத்தேன். mk;kh என்று அடித்துப் பார்த்தேன். அம்மா என்று வந்தது.

கழிவு எடுக்கும் இடத்துக்குப் போனேன், அந்தக் கிழமைப் பொருட்கள் போய்விட்டன. கிடைத்திருந்தாலும் பிரயோசனம் இல்லை. இந்த இரண்டு கிழமையும் எல்லா வழியும் பார்த்துவிட்டேன். உங்கள் பத்தொன்பது வருடத்தை ஒரு பின்னேரத்தில் அழித்தவள் நான்.

கவிசா


கொலோன்
07.12.2025

கவிசாவுக்கு,

அப்பா சுகம். நான் சுகமில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து நீ எடுத்த அழைப்புகளை நான் வேணுமென்றுதான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பிறகு திருப்பி எடுக்க ஏலாத சொல் வந்திருக்கும். அழுதேன். கதவு திறந்துவிட்ட குற்றத்துக்கு அப்பாவுக்கும் ஏச்சு விழுந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. எனக்குக் கோபம், கவிசா. வைரசு என்று நினைத்ததற்கு இல்லை. கேட்காததற்கு.

என்னிலும் மடைத்தனம் இருக்கிறது. பத்தொன்பது வருட வேலைக்கு ஒரு பிரதி வைக்காதவள் யார்? சரி, அழுது முடிந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மேசைக்கு வந்த ஒவ்வொருவருக்கும், அவர்களுக்குத் தேவையான சொற்களை ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவளுக்கு ஆஸ்பத்திரிச் சொல், வீடு தேடுகிறவளுக்கு வீட்டுச் சொல். போன சனிக்கிழமை எழும்பி நின்று சொன்னேன்: "என்ரை தாள் ஆரிட்டை இருக்கோ கொண்டுவாங்கோ." நேற்று வரை அறுபத்தொரு தாள் வந்துவிட்டது. பொன் நகரத்திலிருந்து உன் சுபத்ரா அன்ரி பதினாலு கொண்டுவந்தா, எல்லாம் நெகிழி உறைக்குள். பாதியாவது தேறும். மீதியை என் தலைக்குள்ளிருந்து எடுக்கிறேன்.

ஜெனிஸ்டனிடம் கதைத்துவிட்டேன். "அக்கா, அடுத்த வருசத்துக்கு விடுவமோ?" என்றார். விட ஏலாது, பெப்ரவரி 28 என்றேன். சின்னப் புத்தகமாக வரட்டும், ஆனால் வரும்.

அடிப்பது நானும் நீயும். யூனிகோட்டில் அடி, உன் பிள்ளைகள் காலத்திலும் குப்பையாகத் தெரியக்கூடாது. தாள்களின் பிரதியை அனுப்புகிறேன், மூலம் என்னிடம் இருக்கும். அவுஸ்வால் என்ற சொல்லை நான் முதலாவதாக அடித்துவிட்டேன். உனக்கு இதில் தெரிவு இல்லை.

சாப்பிடு. மெலிந்து போயிருப்பாய்.
அம்மா


வால்டோர்ஃப்
18.01.2026

அன்புள்ள அம்மா,

பொங்கல் வாழ்த்துகள். நான் மின் அடுப்பில் பொங்கினேன், அடிப்பிடித்தது, சாப்பிட்டேன். அப்பாவின் முழங்காலுக்கு வைத்தியர் என்ன சொன்னார்?

287 சொல் அடித்துவிட்டேன். முதலில் ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் எடுத்தது, இப்போது இரண்டுதான். சில விளக்கங்களை வாசித்துச் சத்தம் போட்டுச் சிரித்தேன். விடர்ஸ்புருக் என்பதற்கு 'மறுப்பு மனு; பணிவாக எழுதவேண்டும், ஆனால் பணியக்கூடாது' என்று போட்டிருக்கிறீர்கள்.

நேற்றுச் சுபத்ரா அன்ரியின் தாள்களில் ஒன்றைப் பார்த்தேன். மேல் மூலையில் 'முதலாவது சொல், 2006' என்று உங்கள் கையெழுத்து. நீங்கள் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"கைன ஹெர்ட்ஸ்தோன: வயிற்றில் பிள்ளையின் இதயத்துடிப்புக் கேட்கவில்லை. வைத்தியர் இதைச் சொல்லும்போது உங்கள் பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்க விடாதீர்கள். பொறுக்கச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் வருவேன்." கீழே எங்கள் வீட்டு இலக்கம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எனக்கு எட்டு வயது அம்மா, தம்பி உங்கள் வயிற்றில். அப்பா வேலையில். அந்த டாக்டர் என் உயரத்துக்குக் குனிந்து சொன்னார். எனக்கு ஜெர்மனில் விளங்கியது, தமிழில் சொல் தெரியவில்லை. "அம்மா, தம்பி நித்திரையாம்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "நித்திரையெண்டால் நல்லதுதானே, அவர் ஏன் முகத்தை அப்பிடி வைச்சிருக்கிறார்?" என்று கேட்டீர்கள். உங்களை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அகராதி எதற்காகத் தொடங்கியது என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

மற்ற எல்லாச் சொல்லுக்கும் முதலில் ஒரு தமிழ்ச் சொல், பிறகு விளக்கம் என்று வருகிறது. இதற்கு மட்டும் தமிழ்ச் சொல்லின் இடம் வெறுமையாக இருக்கிறது. அதை நானாக நிரப்பமாட்டேன். என்ன போடட்டும்?

கவிசா


கொலோன்
25.01.2026

என் பிள்ளைக்கு,

அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், கதிரையைப் பிடித்துக்கொண்டு செய்கிறார். நான் 402 சொல் முடித்துவிட்டேன். பெப்ரவரி 28இல் மாற்றமில்லை.

அந்த இடத்தை நான் மறதியில் வெறுமையாக விடவில்லை. பத்தொன்பது வருடம் தேடினேன். வைத்தியப் புத்தகங்களில் சொல் இருக்கிறது. ஆனால் ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய சொல் எனக்குக் கிடைக்கவில்லை. நீ என்னை ஏமாற்றவில்லை. எட்டு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குள் போனது என் பிழை. அதை உன்னிடம் சொல்ல வாய் வராமல்தான் ஆயிரத்துச் சொச்சம் சொல் எழுதினேன்.

'பிள்ளை நித்திரை' என்று போடு. விளக்கம் கீழே இருக்கத்தானே இருக்கிறது. மொழிபெயர்த்தவர் கவிசா, வயது எட்டு என்றும் போடு.

அம்மா